குதிரையா, பெண் குதிரையா? ஒரு வார்த்தைக் குழப்பமும் எல்லைப்புற நாயகனும்: கிரிகோரியோ கோர்ட்டெஸின் கதை

1901-ம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு வார்த்தை தப்பாக மொழிபெயர்க்கப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் ஒரு ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரத்தின் போலீஸ் தலைவர், சுடப்பட்டுச் செத்துப்போனார். சுட்டவர் பத்து நாள் தப்பி ஓடினார். அதே வருஷமே அவரைப் பற்றிப் பாட்டும் வந்துவிட்டது. அந்தப் பாட்டு இன்றும் பாடப்படுகிறது. அந்த மனிதர்தான் கிரிகோரியோ கோர்ட்டெஸ்.

யார் இவர்?

1875 ஜூன் 22-ம் தேதி, மெக்சிகோவின் எல்லை நகரமான மட்டமோரோஸ் அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். 1887-ல் குடும்பம் டெக்ஸாஸுக்குக் குடியேறியது. மாடு மேய்ப்பது, பண்ணை வேலை என்று கூலிக்கு உழைத்தார். 1901-ல் சகோதரர் ரொமால்டோவோடு சேர்ந்து, கார்னஸ் கவுண்டியில் நிலம் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லையில் என்ன பிரச்னை?

அமெரிக்க-மெக்சிகோ போர் 1848-ல் முடிந்தபோது, ரியோ கிராண்டே ஆறு எல்லைக்கோடாக மாறியது. லாரெடோ நகரம் அமெரிக்கா பக்கம் போய்விட்டது. மெக்சிகோவிலேயே இருக்க விரும்பியவர்கள் எதிர்க்கரையில் நுவோ லாரெடோ என்ற ஊரை உருவாக்கினார்கள். ஆற்றின் வடக்கே தங்கியவர்கள் வீட்டில் பேசியது ஸ்பானிஷ். ஆனா போலீஸ், கோர்ட், பேப்பர் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம்.

அன்று நடந்தது என்ன?

1901 ஜூன் 12. குதிரைத் திருடன் ஒருவனைத் தேடி ஷெரிஃப் மோரிஸ், கோர்ட்டெஸ் வீட்டுக்கு வந்தார். மொழிபெயர்க்க பூன் சோட் என்பவர் கூட வந்திருந்தார். சமீபத்தில் யாரிடமாவது குதிரை மாற்றிக்கொண்டீர்களா என்பதுதான் கேள்வி. சோட் பயன்படுத்திய ஸ்பானிஷ் வார்த்தை கபாயோ. அது ஆண் குதிரை. கோர்ட்டெஸ் கைமாற்றியதோ யேகுவா, அதாவது பெண் குதிரை. ஸ்பானிஷ் பேசுபவருக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் இல்லை என்று சொன்னார். பொய் சொல்கிறார் என்று ஷெரிஃப் முடிவு செய்தார்.

கைது செய்யப் போகிறோம் என்றதும், காரணமே இல்லாமல் என்னைக் கைது செய்ய முடியாது என்ற அர்த்தத்தில் கோர்ட்டெஸ் பேசினார். அதையும் சோட் தப்பாகவே புரிந்துகொண்டார். எந்த வெள்ளைக்காரனும் என்னைப் பிடிக்க முடியாது என்று ஷெரிஃபிடம் சொல்லிவிட்டார். ஷெரிஃப் துப்பாக்கியை எடுத்தார். குண்டு ரொமால்டோ மீது பாய்ந்தது. கோர்ட்டெஸ் திருப்பிச் சுட்டதில் மோரிஸ் இறந்தார்.

பத்து நாள் ஓட்டம்

நூற்றுக்கணக்கானோர் வேட்டையில் இறங்கினார்கள். நண்பர் வீட்டில் பதுங்கியிருந்தபோது நடந்த துப்பாக்கிச் சண்டையில், குளோவர் என்ற இன்னொரு ஷெரிஃபும் ஷ்னாபெல் என்பவரும் இறந்தார்கள். கோர்ட்டெஸ் தப்பினார். 100 மைலுக்கு மேல் நடை, பிறகு சுமார் 400 மைல் குதிரைச் சவாரி. இலக்கு லாரெடோ. ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ.

இதற்கிடையே அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் ஜெயிலில் அடைத்தார்கள். குண்டடிபட்ட ரொமால்டோ ஜெயிலிலேயே இறந்துபோனார். கோர்ட்டெஸுக்குச் சம்பந்தமே இல்லாத மெக்சிகோ வம்சாவளியினரும் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். லாரெடோவை நெருங்கிய நேரத்தில், ஜூன் 22-ம் தேதி, ஓர் ஆட்டுப் பட்டியில் கோர்ட்டெஸ் பிடிபட்டார். அன்று அவருக்கு 26-வது பிறந்தநாள்.

பாட்டு சொன்ன கதை

எல்லைப்புற மக்கள் நடந்த சம்பவங்களைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். அதற்குப் பெயர் கொர்ரிதோ. பேப்பர்கள் கோர்ட்டெஸை கொலைகாரக் கும்பலின் தலைவன் போல எழுதின. கொர்ரிதோவில் அவர் தன் சகோதரனுக்காகத் துப்பாக்கி தூக்கிய நியாயவான்.

ஆனா பாட்டிலும் எல்லாம் உண்மை இல்லை. தன் மக்கள் துன்பப்படுவதைப் பார்த்து அவரே சரணடைந்தார் என்று கதை பரவியது. நிஜத்தில், அவருக்குத் தெரிந்த ஒரு மெக்சிகோக்காரரே காட்டிக்கொடுத்தார். விடுதலைக்குக் காரணம், அவர் மேல் காதல் கொண்ட ஆபிரகாம் லிங்கன் மகள் என்றுகூட ஒரு கதை உண்டு. லிங்கனுக்கு மகளே கிடையாது!

நிஜமாக அவரைக் காப்பாற்றியது எது?

துப்பாக்கி இல்லை, வக்கீல்கள். சான் அந்தோணியோவில் ஸ்பானிஷ் பத்திரிகை நடத்திய பாப்லோ குரூஸ் நிதி திரட்ட, ஏழைத் தொழிலாளிகள் காசு காசாகக் கொடுத்தார்கள். வழக்கு ஊர் ஊராக நகர்ந்தது. ஒரு ஊரில் 50 ஆண்டு சிறை, இன்னொரு ஊரில் மரண தண்டனை. இரண்டுமே மேல்முறையீட்டில் ரத்தாயின. மோரிஸ் கொலை வழக்கில் 1904-ல் கார்பஸ் கிறிஸ்டி நகரில் தீர்ப்பு வந்தது. வாரன்ட் இல்லாத கைது, தற்காப்புக்காகச் சுட்டது என்ற வாதத்தை ஏற்று, குற்றவாளி இல்லை என்று முடிவு செய்தவர்கள் வெள்ளையின ஜூரிகள்தான். ஆனா குளோவர் வழக்கில் ஆயுள் தண்டனை உறுதியானது. 1913-ல் ஆளுநர் கோல்க்விட் மன்னித்து விடுதலை செய்தார்.

வெளியே வந்ததும் நுவோ லாரெடோ போனார். மெக்சிகோ புரட்சியில் உவேர்த்தாவின் படையில் சேர்ந்தார். காயத்தோடு டெக்ஸாஸ் திரும்பியவர், 1916 பிப்ரவரி 28-ல் இறந்தார். வயது 40.

இன்றும் ஏன் பேசப்படுகிறார்?

எல்லை நகரமான பிரௌன்ஸ்வில்லில் பிறந்த ஆய்வாளர் அமெரிகோ பரேதெஸ், இந்தப் பாட்டையும் அதன் பின்னணியையும் ஆராய்ந்து 1958-ல் புத்தகம் எழுதினார். 1982-ல் அது படமானது. படத்தில் ஸ்பானிஷ் வசனங்களுக்கு வேண்டுமென்றே சப்டைட்டில் போடவில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு, மோரிஸைப் போலவே, கோர்ட்டெஸ் என்ன சொன்னார் என்பது அந்த நிமிடத்தில் புரியாது.