விதியை மீறிப் படை அதிகாரியான கால்பந்து வீரர் வால்டர் டல்

முதல் உலகப் போரில் உயிர்நீத்த கால்பந்து வீரர்களுள் வால்டர் டல்லின் பெயர் தனித்து நிற்கக் காரணம், அவர் ஏற்ற பதவி. ஐரோப்பிய வம்சாவளியினருக்கே உரியதென்று பிரிட்டன் ராணுவ விதிகள் வரையறுத்திருந்த அதிகாரிப் பொறுப்பில், அடிமையாயிருந்த ஒருவரின் பேரன் அமர்ந்தார்.

1888 ஏப்ரல் 28-ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் டல் பிறந்தார். தந்தை டேனியல், கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து வந்த தச்சர். தாய் ஆலிஸ் ஆங்கிலேயப் பெண். பத்து வயது நிறைவதற்குள் இருவரையும் இழந்த டல், அண்ணன் எட்வர்டுடன் லண்டன் அனாதை இல்லமொன்றில் சேர்க்கப்பட்டார். அண்ணனை கிளாஸ்கோ குடும்பம் ஒன்று தத்தெடுத்துப் பல் மருத்துவராக்கியது. தம்பி அச்சுத்தொழில் பயின்றார், கால்பந்தும் ஆடினார்.

1909-இல் கிளாப்டன் அணி அமெச்சூர் கோப்பையை வென்றபோது அதில் டல்லும் இருந்தார். அதே ஆண்டு டாட்டன்ஹாம் அணி அவரை ஒப்பந்தம் செய்து, முதல் டிவிஷனில் களமிறக்கியது. அக்டோபரில் பிரிஸ்டல் நகரில் நடந்த ஆட்டத்தில் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அவரது நிறத்தைச் சொல்லி இழிவாக வசைபாடினர். ஆத்திரப்படாமல் ஆடிய அவரைப் பத்திரிகை பாராட்டியது. ஆயினும் விரைவிலேயே அவர் இரண்டாம் அணிக்கு இறக்கப்பட்டார். டாட்டன்ஹாமுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் பத்து மட்டுமே. இழப்பு அந்த அணிக்குத்தான். 1911-இல் நார்தாம்ப்டன் அணிக்கு மாறிய அவர், அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் விளையாடினார்.

நாடு போரிடும்போது கால்பந்து வீரர்கள் சம்பளத்துக்கு ஆடுவதா என்ற கண்டனம் எழுந்த நிலையில், 1914 டிசம்பரில் 'கால்பந்துப் படைப்பிரிவு' தொடங்கப்பட்டது. அம்மாதமே டல் அதில் சேர்ந்தார். சோம் போர்முனையில் போரிட்டார். மேலதிகாரிகளின் பரிந்துரையால் ஸ்காட்லாந்தில் பயிற்சி பெற்று, 1917 மே மாதம் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். விதிப்புத்தகம் திருத்தப்படவில்லை, தகுதியான அதிகாரிகளுக்கான தட்டுப்பாடு அதை மௌனமாக்கியது.

பின்னர் இத்தாலியின் பியாவே ஆற்றங்கரையில், இரவில் 26 வீரர்களை எதிரியின் பக்கம் அழைத்துச் சென்று, ஓர் உயிரும் இழக்காமல் திரும்பினார். தளபதி அவரது துணிவையும் நிதானத்தையும் எழுத்தில் பதிவுசெய்தார்.

1918 மார்ச் 25-ஆம் தேதி, பிரான்சின் ஃபவ்ரெய் கிராமத்தருகே ஜெர்மானியரின் பெருந்தாக்குதலில் குண்டடிபட்டு டல் வீழ்ந்தார். வயது 29. கால்பந்து வீரரான டாம் பில்லிங்ஹாம் உள்ளிட்ட சிப்பாய்கள் அவரது உடலை மீட்க முயன்றனர், முடியவில்லை. கல்லறையற்ற அவரது பெயர் அராஸ் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. 'மிலிட்டரி கிராஸ்' பதக்கத்துக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டதாக அண்ணனுக்கு எழுதப்பட்ட இரங்கல் கடிதம் தெரிவித்தது. அந்தப் பதக்கம் வழங்கப்படவேயில்லை.