கம்பளம் விற்ற மருத்துவர்: உயிரணுவில் புற்றுநோயைக் கண்டவர் யார்?

கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி. மருத்துவரிடம் போறீங்க. மெல்லிய ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் உயிரணுக்களை எடுக்கிறார். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நீங்க அன்றே வீடு திரும்பலாம்.

தென்கிழக்காசியாவில் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயின் முதல் தடயம் இப்படியும் கிடைப்பதுண்டு.

உயிரணுக்களைப் பார்த்தே புற்றுநோயைச் சொல்லலாம்னு மருத்துவ உலகை நம்பவைத்தவர் ஜார்ஜ் பாப்பானிக்கோலாவ். 'பாப் ஸ்மியர்' சோதனையில் வரும் 'பாப்' இவர்தான்!

யார் இவர்?

1883இல் கிரீஸின் கிமி நகரில் பிறந்தார். ஏதென்ஸில் மருத்துவம் படித்தார். ஜெர்மனியின் மியூனிக்கில் முனைவர் பட்டம் பெற்றார். 1913இல் மனைவி மேரியுடன் நியூயார்க் போய் இறங்கினார். அங்கே மருத்துவர் வேலையா கிடைத்தது? கடையில் கம்பளம் விற்றார். மேரி பொத்தான் தைத்தார்.

பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கினிப்பன்றிகளின் கருமுட்டை எப்போது முதிர்கிறது என்று அறிய, மூக்கைச் சோதிக்கும் சிறு கருவியைக் கொண்டு அவற்றின் பிறப்புறுப்பிலிருந்து உயிரணுக்களை எடுத்தார். அடுத்து, பெண்களின் உயிரணுக்களை ஆராயணும். முன்வந்தவர் மேரி. பல ஆண்டுகள் தொடர்ந்து மாதிரி கொடுத்தார்.

ஏன் நம்பவில்லை?

பெண்களின் மாதிரிகளில் புற்றுநோய் உயிரணுக்களையும் பாப்பானிக்கோலாவ் கண்டார். 1928இல் அதை அறிவித்தார். வரவேற்பு இல்லை. திசுவை வெட்டியெடுத்துப் பார்க்கும் வழிதான் இருக்கே என்பது பலரின் எண்ணம்.

அவர் விடவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1941இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இடையில் ஓடியது 13 ஆண்டு! முறையான பரிசோதனை வந்த நாடுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் பெரிதும் குறைந்தன. 1962இல் அவர் காலமானார். நோபெல் பரிசு கிடைக்கவே இல்லை.

இன்று உங்களுக்கு என்ன?

பாப் ஸ்மியரில் உயிரணுக்களை மெல்லச் சுரண்டி எடுக்கிறார்கள். கழுத்துக் கட்டியிலோ ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். எடுக்கும் விதம்தான் வேறு. உயிரணுவின் உருவத்தைப் படிக்கும் கலை ஒன்றே. அவர் உருவாக்கிய சாயமுறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் உண்டு. ஆனால் ஊசிச் சோதனை முதல் படிதான். மூக்கு வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி, திசுவை எடுத்து நோயை உறுதிசெய்வார்கள்.

கழுத்துக் கட்டி, சளியில் ரத்தம், ஒரு பக்கக் காதடைப்பு நீடிக்கிறதா? 'தானா சரியாயிடும்'னு தள்ளிப்போடாதீங்க. சீக்கிரம் தெரிந்தால் கதிரியக்கச் சிகிச்சைக்கு இந்நோய் நன்றாகவே கட்டுப்படும்.