நற்கருணைக்காகக் கூலியாள் வேடம் போட்ட புனிதர்
(புனித யோசேப்பு வாஸ் வாழ்க்கை வரலாறு)

பிறப்பு: 21-4-1651, கோவா
இறப்பு: 16-1-1711, கண்டி, இலங்கை



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கத்தோலிக்கக் கோவில்களில் நற்கருணை ஆராதனை நடக்கும். சாமியார் நற்கருணை அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தில் வைப்பார். சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள் சாப்பாட்டுப் பையோடவே வந்து முழங்கால் போடுவார்கள். அந்த அப்பத்தில் இயேசுவே இருக்கிறார் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. ஆனால் பூசை வைக்கக் குரு இல்லையென்றால் நற்கருணையும் இல்லை, ஆராதனையும் இல்லை.

அப்படி ஒரு நிலைமை இலங்கையில் வந்தது. நம்ம பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டினார்களே, அதே டச்சுக்காரர்கள் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். பூசைக்குத் தடை போட்டார்கள். சனங்கள் ஏறக்குறைய 30 வருஷம் பூசை இல்லாமல் தவித்தார்கள்.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த யோசேப்பு வாஸ் அடிகளாரின் மனசை உலுக்கியது. 1676-ல் குருவானவர் அவர். 1687-ல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் படகேறினார். கூட ஜான் என்ற உதவியாளர் மட்டுமே வந்தார். பயணத்திலேயே வயிற்றுப்போக்கு வந்து சாகும் நிலைக்குப் போனார். பிழைத்து எழுந்ததும் கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். ஏன் தெரியுமா? செபமாலையைப் பார்த்து யார் முகம் மலர்கிறதோ அவர்கள்தான் கத்தோலிக்கர் என்று கண்டுபிடிக்கத்தான்!

அதன்பிறகு ராத்திரி நேரங்களில் வீடுகளில் ரகசியமாகப் பூசை நடந்தது. தமிழ் படித்துத் தமிழிலேயே போதித்தார். ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி சுமார் 300 பேர் பூசைக்குக் கூடியபோது டச்சுச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தார்கள். சாமியார் தப்பினார். ஆனால் சனங்களில் எட்டுப் பேருக்குச் சவுக்கடி கிடைத்தது. ஒருவர் அடியிலேயே உயிர் விட்டார். அவர்கள் செய்த குற்றம், பூசைக்கு வந்ததுதான்.

1692-ல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கீசிய ஒற்றர் என்று சந்தேகப்பட்டு அரசர் சிறையில் போட்டார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. சிங்களம் படித்தார், சிறிய குடிசைக் கோவில் கட்டிப் பூசை வைத்தார். 1697-ல் கண்டியில் அம்மை நோய் பரவியது. சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். இவரோ மதம் பார்க்காமல் புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கமும் செய்தார். இதைப் பார்த்த புத்த மத அரசர் அவருக்குச் சுதந்திரமாகப் போதிக்க அனுமதி கொடுத்தார்.

24 வருஷம் உழைத்தவர், சொந்த ஊருக்குத் திரும்பாமலே கண்டியில் இறந்தார். 14-1-2015 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

சிந்தனைக்கு: பீடத்தில் கும்பிட்ட இயேசுவை அம்மை நோயாளியிடமும் பார்த்தார் வாஸ் அடிகளார். அன்று ஒளிந்து ஒளிந்து, அடி வாங்கிப் பூசை கண்டார்கள். இன்று கோவில் கதவு நமக்காகத் திறந்தே இருக்கிறது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் உட்கார்ந்திருக்கும் ஏழையை நாம் கவனிக்கிறோமா?