ஃபெயில் டு கோல்டு மெடல்... காலேஜ் மாறிய ராக்மானினோவ்!

படிக்கிற மியூசிக் காலேஜ் செட் ஆகலை, வேற காலேஜுக்கு மாறிடலாமானு யோசிக்கிறீங்களா? ரஷ்ய பியானோ மேதை செர்கெய் ராக்மானினோவ் கதையைக் கேளுங்க.

1873-ல் பிறந்தவர். சின்ன வயசுலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அப்பா சொத்தை எல்லாம் இழந்து, குடும்பத்தைவிட்டுப் பிரிஞ்சார். டிப்தீரியா ஒரு சகோதரியைக் கொண்டுபோயிடுச்சு. கிளாஸை கட் அடிச்சுட்டு ஸ்கேட்டிங் போன பையன், 1885-ல் பொதுப்பாடங்கள் எல்லாத்துலயும் ஃபெயில்!

தவிச்சுப்போன அம்மா, உறவுக்காரரான பியானோ கலைஞர் சிலோட்டியிடம் யோசனை கேட்டாங்க. அவர் கைகாட்டியது மாஸ்கோ இசைக் கல்லூரி ஆசிரியர் ஸ்வெரெவை. 12 வயசுல வீட்டைவிட்டு, ஸ்வெரெவ் வீட்டிலேயே தங்கிப் படிச்சார் ராக்மானினோவ். ஃபீஸ் கிடையாது. ஆனா, காலை 6 மணிக்கே பியானோ முன்னாடி உட்காரணும்.

அங்கேயும் பிரச்னை வந்துச்சு. இசையமைக்கத் தனி இடம் கேட்டதில் 1889-ல் குருவோடு சண்டை, வீட்டைவிட்டு வெளியேறினார். ஆனா, படிப்பை விடலை. 1892-ல், 19 வயசுல, 'அலேகோ' ஓபராவை எழுதி கோல்டு மெடலோடு வெளியே வந்தார். கோபத்தை மறந்த ஸ்வெரெவ், தன் தங்கக் கடிகாரத்தையே பரிசாக் கொடுத்தார்.

ஸோ, தாராளமா மாறுங்க. ஆனா, காலேஜ் பேரை மட்டும் பார்க்காம, அங்கே உங்களை உட்காரவெச்சு வாசிக்கவைக்கப்போற வாத்தியார் யாருன்னும் விசாரிச்சுக்கோங்க!