சுவிப்ட் போட்ட கணக்குகள்

நாட்டு நடப்பைப் பேசுவோர் எக்காலத்தும் பலர். வரி இவ்வளவு, கடன் இவ்வளவு, இறக்குமதி இவ்வளவு என்று இலக்கங்களை அடுக்குவர். கேட்போர் கொட்டாவி விடுவர். இலக்கம் பெருகப் பெருக அது சாமானியன் மனத்தில் ஒட்டுவதில்லை. ஓர் இலட்சம் பவுணைக் கண்ணாற் கண்டவன் யார்? அதே இலட்சத்தைச் செப்புக் காசாக்கிக் குதிரைகளின் முதுகில் ஏற்றித் தெருவிலே நடத்திக் காட்டினால், அடுப்படியில் நிற்கும் கிழவியும் சிரிப்பாள். சிரித்த பின் கோபமும் கொள்வாள். இவ்வித்தையை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே அயர்லாந்திற் செய்து காட்டியவர் ஜொனதன் சுவிப்ட் என்பார். கலிவரின் யாத்திரையை எழுதியவர் என்ற அளவிலேயே நம்மவர் பலர் அவரை அறிவர். சிறுபிள்ளைகளுக்குக் கதை சொன்னவர் என்று எண்ணி விடுவாரும் உளர். அவர் சரித்திரத்தின் மற்றப் பக்கத்தை இங்கே சிறிது கூறப் புகுந்தோம்.

சுவிப்ட் 1667 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30 ஆந் திகதி டப்ளின் நகரிலே பிறந்தார். பிறக்கு முன்பே தந்தையார் இறந்து விட்டார். உறவினர் தயவில் வளர்ந்து, கில்கெனிப் பள்ளியிலும் டப்ளின் திரினிற்றிக் கல்லூரியிலும் படித்தார். 1686 இற் பட்டம் பெற்றாராயினும், அது தேர்ச்சியாற் கிடைத்த பட்டமன்று. விசேட சலுகையாக இரங்கிக் கொடுக்கப்பட்டது. பின்னாளில் ஓர் இராச்சியத்தையே தர்க்கித்து மடக்கியவரின் கல்லூரிக் கதை இது. பரீட்சையிற் சறுக்கிய இளைஞர் எவரும் இதனைப் பெற்றோர்க்குக் காட்டிக்கொள்ளலாம்.

1689 இல் இங்கிலாந்து சென்று சேர் வில்லியம் ரெம்பிள் என்னும் முதிய இராசதந்திரியிடம் காரியதரிசியாக அமர்ந்தார். அவ்வீட்டிலேதான் எஸ்தர் ஜோன்சன் என்னும் சிறுமிக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். அவர் எழுத்துக்களில் ஸ்ரெல்லா என வரும் பெயர் அவளுடையதே. சாகுமட்டும் அவருக்கு உற்ற துணையாயிருந்தாள். இடையிலே சுவிப்ட் குருப்பட்டமும் பெற்றார். 1699 இல் ரெம்பிள் காலமாகவே, அயர்லாந்தில் ஒரு சிறு கிராமக் கோயிலின் குருவானார்.

அவர் வேடிக்கைக்கு இரையானவருள் ஒருவர் ஒரு சோதிடர். இலண்டனில் ஜோன் பார்ட்ரிஜ் என்பவர் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டு, இன்னார்க்கு இன்ன காலத்திற் கண்டம் என்று எழுதிப் பணம் சேர்த்து வந்தார். 1708 ஆம் ஆண்டு ஐசாக் பிக்கர்ஸ்ராவ் என்னும் புனைபெயரிலே சுவிப்ட் தாமும் ஒரு சோதிட நூல் வெளியிட்டார். அதன்படி, மார்ச்சு மாதம் 29 ஆந் திகதி இரவு பதினொரு மணியளவில் பார்ட்ரிஜ் காய்ச்சலால் மாண்டு போவார். அந்நாள் கழிந்ததும், மரணம் நிகழ்ந்துவிட்டதாக வேறொருவர் எழுதியதுபோல ஓர் அறிக்கை வந்தது. அதிலே ஒரு குறையும் சொல்லப்பட்டிருந்தது: மரணம் ஏழு மணி கடந்து சில நிமிடத்தில் நேர்ந்தமையால், பிக்கர்ஸ்ராவின் கணிதம் ஏறத்தாழ நாலு மணித்தியாலம் பிசகியதாம்! தாம் உயிரோடிருப்பதாகப் பார்ட்ரிஜ் எவ்வளவோ சத்தியம் பண்ணிப் பார்த்தார். ஊர் சிரித்ததேயன்றி நம்பவில்லை. பொய்யைத் துல்லியமான இலக்கத்தோடு சொன்னால் எவரும் நம்புவர் என்பதைச் சுவிப்ட் அன்று கண்டு கொண்டார். அந்த ஆயுதம் இருபுறமும் வெட்டும் என்பது பிறகு தெரியவரும்.

1710 இல் இலண்டனில் ஆட்சி மாறியது. புதிய மந்திரிமார் அவர் பேனாவின் வலிமையை அறிந்து பத்திரிகை ஒன்றை அவர் கையிற் கொடுத்தனர். அக்காலம் பிரான்சு தேசத்தோடு யுத்தம் ஆண்டுக் கணக்காய் நீண்டு கிடந்தது. சேனாதிபதி மால்பரோ கோமகன் வெற்றிகள் பல பெற்றவர். வெற்றிக்கு மேற் செல்வமும் பெற்றவர். அவருக்கு நாடு நன்றி காட்டவில்லை என்று அவர் கட்சியார் முறையிட்டனர். சுவிப்ட் அதற்கு மறுப்பு எழுதினாரல்லர். கடைக்காரன் பற்றுச்சீட்டு எழுதுவதுபோல இரண்டு பட்டியல் எழுதினார்.

முதலாவது, பண்டை உரோமாபுரி தன் சேனாதிபதிக்குக் காட்டிய நன்றியின் செலவு. சாம்பிராணியும் அதை எரிக்க மண்சட்டியும் 4 பவுண் 10 சிலிங், பலியிட ஓர் எருது 8 பவுண், சித்திரத் தையல் அங்கி 50, வாகைக் கிரீடம் இரண்டே பென்சு, சிலை 100, வெற்றிச் சின்னம் 80, அரைப்பென்சு பெறுமதியான செப்புப் பதக்கம் ஆயிரம், 2 பவுண் 1 சிலிங் 8 பென்சு, வெற்றி வளைவு 500, இரதம் 100, சில்லறைச் செலவு 150. மொத்தம் 994 பவுண் 11 சிலிங் 10 பென்சு. பழைய கணக்குத் தெரிந்த பெரியோர் கூட்டிப் பார்க்கலாம். ஒரு பென்சும் பிசகாது. இரண்டாவது, நன்றிகெட்டதாகச் சொல்லப்பட்ட பிரித்தானியா கொடுத்தது. காணி 40,000, பிளெனிம் மாளிகை 200,000, தபாற் கந்தோர் வருமானத்தில் மானியம் 100,000, இவ்வாறே உத்தியோகங்கள், படங்கள், நகைகள் எல்லாம் சேர்ந்து 540,000 பவுண். இரு தொகையையும் அருகருகே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அந்த வாகைக் கிரீடத்து இரண்டு பென்சிலேதான் கட்டுரையின் உயிர் இருக்கின்றது என்பது என் எண்ணம். 1711 இன் இறுதியில் மால்பரோ பதவி இழந்தார். அதற்குக் காரணம் பல உண்டு. இப்பட்டியலும் அவற்றுள் ஒன்றெனச் சொன்னால் மிகையாகாது.

1713 இல் டப்ளினிலுள்ள புனித பற்றிக் பேராலயத்தின் தலைமைக் குருப்பதவி கிடைத்தது. இங்கிலாந்தில் உயர்பதவி எதிர்பார்த்தவர்க்கு அது ஏமாற்றமே. அடுத்த ஆண்டு ஆன் இராணி மறைந்தார். அவர் கட்சியும் வீழ்ந்தது. பிறந்த ஊருக்கு நாடுகடத்தப்பட்டவர்போலத் திரும்பினார். ஆயினும் கண்முன்னே கண்ட வறுமை அவரைச் சும்மா இருக்க விடவில்லை. நிலச்சுவான்தார் பலர் இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டு அயர்லாந்தின் குத்தகைப் பணத்தைத் தின்றனர். கம்பளித் துணியை நெய்து பிறநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடந்தரவில்லை. நெசவாளர் பட்டினி கிடந்தனர்.

இந்நிலையிலே 1722 இல் வில்லியம் வூட் என்னும் ஆங்கில இரும்பு வியாபாரி ஒருவர், அயர்லாந்துக்கு அரைப்பென்சும் காற்பென்சும் அடித்துக் கொடுக்கும் உரிமையை அரசரிடம் பெற்றார். முதலாம் ஜோர்ஜ் அரசரின் ஆசைநாயகியான கெண்டல் கோமகளுக்கு 10,000 பவுண் கைமாறிய பின் கிடைத்த உரிமை அது. பதினாலு ஆண்டுக்குள் 360 தொன் செம்பு. ஓர் இறாத்தல் செம்பிலிருந்து 30 பென்சு. ஆக 100,800 பவுண் முகப்பெறுமதி. இங்கிலாந்திலோ ஓர் இறாத்தலுக்கு 23 பென்சே அடிக்கப்பட்டது. அயர்லாந்துப் பாராளுமன்றத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1724 இல் ஒரு புடைவைக் கடைக்காரர் எழுதியதாகத் துண்டுப்பிரசுரம் ஒன்று டப்ளினிலே பரவிற்று. எழுதியவர் தலைமைக் குருவானவரே. அரசியல் தத்துவம் எதுவும் முதற் கடிதத்திற் பெரிதாக இல்லை. கடைத்தெருக் கணக்கே நிறைந்திருந்தது. ஒரு சீமாட்டி கடைக்குப் புடைவை வாங்க வந்தால், அவள் வண்டிக்குப் பின்னே வூட்டின் காசை ஏற்றிய இன்னொரு வண்டி வரவேண்டும். கொனொலிப் பிரபுவுக்கு ஆண்டுக் குத்தகை 16,000 பவுண் என்பர். அரையாண்டுப் பணத்தை ஊருக்குக் கொண்டுவர அவருக்கு ஏறத்தாழ 240 குதிரை வேண்டும், குவித்து வைக்க இரண்டு மூன்று நிலவறையும் வேண்டும். ஒரு வங்கிக்காரர் 40,000 பவுண் கையிருப்பு வைக்க 1,200 குதிரை தேவை. இவை வாய்க்கு வந்த இலக்கங்களல்ல. ஒரு பவுணுக்கு 240 பென்சு. இறாத்தலுக்கு 30 பென்சானால் ஒரு பவுண் பணத்தின் நிறை எட்டு இறாத்தல். எண்ணாயிரம் பவுண் 64,000 இறாத்தல். அதை 240 குதிரைக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 266 இறாத்தல் சொச்சம். வங்கிக்காரரின் 1,200 குதிரைக்கும் அதே சுமைதான் வரும். பகிடிக்குள்ளே கணக்கு இவ்வளவு ஒழுங்காய் இருந்தது.

எல்லாக் கணக்கும் அவ்வாறு நேர்மையானதென்று சொல்ல முடியாது. ஐந்து சிலிங் வீதம் ஒரு டசின் தொப்பி விற்றவன், மூன்று பவுணை வூட்டின் காசாக வாங்கினால் அவன் கையில் உண்மையாகக் கிடைப்பது ஐந்தே சிலிங் என்று எழுதினார். காசின் செம்பு அவ்வளவு மட்டமானதன்று. அக்காலத்தில் அரச நாணயசாலைத் தலைவராயிருந்தவர் மகா விஞ்ஞானி நியூட்டன். அவர் மேற்பார்வையிற் சோதித்தபோது காசு ஒப்பந்தப்படியே இருப்பதாகக் கண்டனர். உலகம் போற்றும் கணித மேதை ஒருபுறம், புடைவைக் கடைக்காரர் மறுபுறம்! சுவிப்ட் அசையவில்லை. நூறு செம்மறி விற்க வந்தவன் கொழுத்த கடா ஒன்றை மாதிரிக்குக் காட்டினால் மந்தை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதா, வீடு விற்பவன் சட்டைப்பையிற் செங்கல் ஒன்றைக் கொண்டு திரிவதா என்ற கருத்திலே பதில் எழுதினார். சோதித்த காசு வூட் தெரிந்தெடுத்துக் கொடுத்ததே என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானது, பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற இலக்கம் அதனாற் சரியாகி விடாது. அவர் அபிமானிகள் இதனை மறைப்பர், மறைக்க வேண்டியதில்லை. அளவு பிசகினும், கேளாமலே ஒரு நாட்டின் பையிற் கைவைத்தது பொய்யன்று.

ஒக்டோபரில் வந்த நாலாங் கடிதம் அதனை வெளிப்படையாகவே பேசிற்று. அயர்லாந்து மக்கள் இங்கிலாந்தாரைப் போலவே சுதந்திரர் என்பதே அதன் சாரம். எழுதியவரைக் காட்டிக் கொடுப்போர்க்கு 300 பவுண் தருவதாக அரசாங்கம் பறைசாற்றியது. எழுதியவர் இன்னாரென்று டப்ளின் முழுவதும் அறியும். முந்நூறு பவுணைக் கேட்டு ஒருவரும் போகவில்லை. அச்சிட்ட ஜோன் ஹார்டிங் சிறைப்பட்டார். அவர்மீது குற்றஞ்சாட்ட யூரிமார் மறுத்தனர். நீதியரசர் அவர்களைக் கலைத்துவிட்டு வேறு யூரிமாரைக் கூட்ட, வந்தவர்களோ வூட்டின் காசையே குற்றமென்று எழுதிக் கொடுத்தனர். 1725 இல் உரிமை மீளப்பெறப்பட்டது. வூட்டுக்கு ஆண்டுக்கு 3,000 பவுண் வீதம் எட்டாண்டுக்கு நட்டஈடு. ஹார்டிங் அவ்வாண்டே இறந்தார். வெற்றி விழாக்களில் அச்சுக்காரர் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை.

1726 இற் கலிவரின் யாத்திரை வெளிவந்தது. அதிலும் கணக்கு உண்டு: குள்ளரைவிடக் கலிவர் பன்னிரண்டு மடங்கு உயரமாதலால், பன்னிரண்டின் கனமாகிய 1,728 பேரின் சாப்பாடு அவருக்குப் போகும். பறக்குந் தீவிலோ, சேத்திரகணிதம் பார்த்து உடுப்புத் தைக்கும் தையற்காரன் ஓர் இலக்கம் பிசகியதால் அளவில்லாத உடுப்பைக் கொண்டு வருவான். நியூட்டன்மேல் இருந்த பழைய கோபம் என்பர் சிலர்.

அதன் பின் வந்த ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்தது. தெருவெல்லாம் பிச்சைக்காரத் தாய்மாரும் குழந்தைகளும் நிறைந்தனர். 1728 ஜனவரியில் ஸ்ரெல்லாவும் இறந்தார். 1729 இற் சுவிப்ட் எழுதிய சிறு நூலே அவர் கணக்குகளுள் மிகப் பயங்கரமானது. அதைப் பேசுகிறவர் சாந்தமான ஒரு கனவான். நாட்டில் ஜனத்தொகை பதினைந்து இலட்சம் என்கிறார். பிள்ளை பெறுந் தம்பதிகள் 200,000. வளர்க்க வசதியுள்ளோர் 30,000 தள்ளினால் 170,000. கருச்சிதைவுக்கும் ஓராண்டுக்குள் இறப்பனவற்றுக்கும் 50,000 தள்ள, ஏழைக் குழந்தைகள் 120,000. இருபதினாயிரத்தை இனவிருத்திக்கு விட்டால் மீதி ஓர் இலட்சம். பிறந்தபோது 12 இறாத்தல், ஓராண்டில் 28 இறாத்தல். வளர்க்கும் செலவு 2 சிலிங். விலை 10 சிலிங். தாய்க்கு இலாபம் 8 சிலிங். எதற்கு விலை? கனவான்களின் விருந்து மேசைக்கு.

முதற் பக்கத்திலே தலையாட்டிக்கொண்டு வந்த வாசகன் இங்கே திடுக்கிடுவான். கழித்தல் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அவனும் உடன்பட்டு வந்தவனல்லவா? தமக்கு இதில் ஒரு சதமும் ஆதாயமில்லை, தம் கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயது, மனைவியோ மகப்பேற்று வயதைக் கடந்தவள் என்று அக்கனவான் முடிப்பதை வாசிக்கையில் சிரிப்பும் வரும். சிரித்ததற்கு வெட்கமும் வரும்.

அக்கனவான் வெறுங் கற்பனையல்லர். முந்திய தலைமுறையில் சேர் வில்லியம் பெற்றி என்பவர் அயர்லாந்தை அளந்து, அங்கே பெருநிலமும் அடைந்து, அரசியற் கணிதம் என்னும் துறையை வகுத்தார். அறிவாளிதான். அவர் இறந்தபின் 1691 இல் வெளிவந்த நூலிலே, யுத்தத்தில் அழிந்த அயர்லாந்து மக்களுக்கு அடிமைச் சந்தை விலைப்படி தலைக்கு 15 பவுண், பிள்ளைக்கு 5 பவுண் என மதிப்பிட்டு மொத்த நட்டம் கணக்கிட்டுள்ளார். நகைச்சுவைக்காக எழுதியதன்று, மெய்யாகவே எழுதியது. மக்களைச் சரக்காக எண்ணும் அக்கணக்கைச் சுவிப்ட் மறுக்கவில்லை. அதன் முடிவு மட்டும் கொண்டுபோய் விட்டார். அந்நூலால் குத்தகையும் குறையவில்லை, சட்டமும் மாறவில்லை. 1740, 1741 ஆம் ஆண்டுகளிற் கொடிய பஞ்சம் மறுபடியும் வந்தது.

குறைகளும் அவருக்கு உண்டு. கடுஞ்சொல்லர். தம் திருச்சபையின் சலுகைகளை மற்றப் பிரிவினரோடு பங்கிட இசையாதவர். சொந்தக் கணக்கிலோ வெகு சிக்கனம். சீட்டாட்டத்தில் தோற்ற சில்லறையையும் கொப்பியில் எழுதி வைப்பார். அச்சிக்கனத்தால் மிஞ்சியதில் 500 பவுணை ஒதுக்கி, நெசவாளர்க்கும் சிறு தொழிலாளர்க்கும் ஐந்து, பத்துப் பவுணாக வட்டியின்றிக் கடன் கொடுத்தார். வாரந்தோறும் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டுவர். திரும்பிய பணம் அடுத்தவர்க்குப் போகும்.

இளமை தொட்டே தலைச்சுற்றும் காதுநோயும் அவரை வருத்தின. முதுமையில் நினைவு தடுமாறவே, 1742 இற் காரியம் பார்க்க இயலாதவரென்று தீர்மானித்துப் பொறுப்பைப் பிறரிடம் விட்டனர். 1745 ஒக்டோபர் 19 ஆந் திகதி காலமானார். புனித பற்றிக் பேராலயத்திலே ஸ்ரெல்லாவின் அருகில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஏறக்குறைய 12,000 பவுண் வரும் தம் பொருளிற் பெரும்பகுதியை மனநோயாளர்க்கு ஒரு வைத்தியசாலை கட்ட எழுதி வைத்திருந்தார். தம் மரணத்தைப் பற்றித் தாமே முன்கூட்டிப் பாடிய வேடிக்கைப் பாட்டிலும், இந்நாட்டுக்கு அதுவே மிக வேண்டிய கட்டடமென்று கேலி செய்திருந்தார். அவ்வைத்தியசாலை 1757 இல் டப்ளினிலே திறக்கப்பட்டது. இன்றும் நடந்து வருகின்றது.