எதிரியாக வந்து வாத்தியார் ஆனவர்: பத்மநாபபுரம் அருகே டிலனாய் கற்றுக்கொடுத்தது என்ன?

ரோபோ போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் இரும்பை வெட்டுவதில்லை. ஆட்டோகேட் மாதிரியான மென்பொருளில் முதலில் வரைந்து பார்க்கிறார்கள். மென்பொருளை யார் வேண்டுமானாலும் கணினியில் ஏற்றிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சுமார் 280 ஆண்டுகளுக்கு முன் பத்மநாபபுரத்தில் இருந்த ஒரு மன்னருக்கும் இதே சிக்கல்தான். அதற்கு அவர் கண்ட தீர்வின் பெயர் டிலனாய்.

யார் இந்த டிலனாய்?

முழுப் பெயர் யூஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய். 1715-ல் இன்றைய பிரான்சில் உள்ள அராஸ் நகரில் பிறந்தவர். டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். மிளகு வியாபாரத்தை யார் கையில் வைத்துக்கொள்வது என்பதில் டச்சுக்காரர்களுக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் மோதல் முற்றியது. 1741 ஆகஸ்ட் 10-ல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் டிலனாயும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 25.

மன்னர் என்ன செய்தார்?

ஜெயித்தவர்களுக்கு டச்சுக்காரர்களின் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் கிடைத்தன. ஆனால் இருப்பதை வைத்து எத்தனை போர் நடத்த முடியும்? பழுதானால் சரிசெய்ய வேண்டும், புதிதாக வார்க்க வேண்டும், வரிசையாக நின்று சுடப் பழக வேண்டும். அதனால் மார்த்தாண்ட வர்மா கைதியைத் தண்டிக்கவில்லை, வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதலில் மன்னரின் மெய்க்காப்பாளர்களுக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி. அது பலன் தந்ததும் படை முழுவதையும் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. போகப்போக தளபதியாக உயர்ந்தார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். பெரிய கேப்டன் என்று பொருள்.

உதயகிரி கோட்டை எதற்கு?

பத்மநாபபுரம் அரண்மனையில் இருந்து கொஞ்ச தூரத்தில், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது உதயகிரி கோட்டை. பழைய கோட்டையை 1740-களில் டிலனாயின் மேற்பார்வையில் கருங்கல்லால் பலப்படுத்தினார்கள். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. இது சாதாரண கொல்லுப்பட்டறை வேலை இல்லை. குழாயின் சுவர் ஒரு பக்கம் மெலிந்தாலோ, வார்ப்பில் காற்றுக்குமிழி தங்கினாலோ, சுடும்போது பீரங்கியே வெடித்து சொந்த ஆட்களைக் கொல்லும். அளவும் கைப்பழக்கமும் சேர்ந்தால்தான் வேலை நிற்கும். டிலனாய் கோட்டை என்ற பெயரும் இதற்கு உண்டு.

அவர் கொடுத்த விலை

டிலனாய் ஊர் திரும்பவே இல்லை. சுமார் 36 ஆண்டுகள் திருவிதாங்கூரிலேயே ஓடின. களக்காட்டில் நடந்த சண்டையில் இளம் வயது மகன் ஜோகன்னஸைப் பறிகொடுத்தார். அவரோடு பழகிய அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் கிறிஸ்தவரானார், 1752-ல் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை இவர்தான்.

வாத்தியார் போன பிறகு?

மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் வந்த தர்மராஜா காலத்திலும் டிலனாய் தளபதியாக நீடித்தார். வடக்கு எல்லையைக் காக்க எழுந்த நெடுங்கோட்டை என்ற நீண்ட அரண் அவர் மேற்பார்வையில் உருவானதுதான். 1777 ஜூன் 1-ல் அவர் இறந்தார். 12 ஆண்டுகள் கழித்து, 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தானின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியது. வாத்தியார் உயிரோடு இல்லை. ஆனாலும் திருவிதாங்கூர் வீரர்கள் அந்தத் தாக்குதலை முறியடித்தார்கள். அடுத்த ஆண்டு திப்பு பெரும் படையோடு மறுபடி வந்துதான் அரணை உடைக்க முடிந்தது.

உதயகிரி கோட்டைக்குள் இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. அங்கே கூரையில்லாத பழைய தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறையைப் பார்க்கலாம். அதன் கல்வெட்டு லத்தீன், தமிழ் என இரண்டு மொழிகளிலும் இருக்கிறது.