கரிசல் நிலத்தில் வீரமாமுனிவர்: காமநாயக்கன்பட்டிப் பணிவாழ்வும் மக்கள் தமிழும்

முன்னுரை

வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணியும் திருக்காவலூரும் நினைவிற்கு வருகின்றன. 1822இல் புதுவை முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு, அவரைப் பல்லக்கும் பரிவாரமும் சூழ வாழ்ந்தவராகவும் சந்தா சாகிபின் திவானாகவும் காட்டிற்று. திவான் பதவிக்குச் சமகாலச் சான்று இல்லை எனப் பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றனர். எனினும் அச்சித்திரமே நிலைபெற்றது. அவர் தம் தொடக்கக்காலப் பணியை ஆற்றிய கரிசல் நிலமோ போதிய கவனம் பெறவில்லை. அந்நிலத்தின் அன்றாடப் பணிவாழ்வை அறிவது அவருடைய உரைநடை, இலக்கணப் பணிகளைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

வருகையும் களமும்

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியின் காஸ்திக்கிளியோனேயில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1709இல் குருப்பட்டம் பெற்றார். 1710இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்தார். மறவர் நாட்டு ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு (1693) அப்போது பதினெட்டு ஆண்டுகளே கடந்திருந்தன.

அவருடைய தொடக்கக்காலப் பணிக்களங்களுள் ஒன்று கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி. மதுரை நாயக்கர் ஆட்சியின் கீழ்ப் பாளையக்காரர் செல்வாக்குச் செலுத்திய வறண்ட பகுதி அது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. மழைக்காலத்தில் சேறு காலைப் பற்றும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். தமிழ் வழங்கும் குடிகளும் தெலுங்கு வழங்கும் குடிகளும் அடுத்தடுத்து வாழ்ந்தன.

அன்றாட வாழ்வு

மதுரைத் தளத்துக் குருக்கள் காவியுடுத்து, புலால் நீக்கி, எளிய உணவு உண்டு வாழ்ந்தனர். மண்சுவரும் கூரையும் கொண்ட குடிலே பெரும்பாலும் உறைவிடமும் வழிபாட்டிடமும் ஆயிற்று. வைகறைத் திருப்பலி, ஒப்புரவு கேட்டல், திருமுழுக்கு, திருமணம், நோயுற்றோரைக் காணல், ஊர் வழக்குகளைத் தீர்த்தல் என அவர்களது நாள் கழிந்தது. பரந்து கிடந்த சிற்றூர்களைக் குரு ஒருவர் அடிக்கடி சென்று காண்பது அரிது. ஆகவே மந்திரம் கற்பித்தல், இறப்போர் அருகிருந்து செபித்தல், குருவின் வரவை அறிவித்தல் ஆகிய பணிகளை உள்ளூர் உபதேசியார்களே தாங்கினர்.

இவ்வாழ்வில் ஆழ்ந்த முரண் ஒன்றும் இருந்தது. துறவிக் கோலம் உயர்குடியினரின் மதிப்பைப் பெற்றுத் தந்தது. அதே கோலம் ஒடுக்கப்பட்டோர் இல்லம் புகுவதற்குத் தடையாயிற்று. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய பண்டாரசாமி முறை இத்தடையை ஓரளவே தளர்த்திற்று. ஒடுக்கப்பட்ட நோயாளிகளையும் அவர்கள் இல்லத்திலேயே காணவேண்டும் எனத் திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். அவ்வாணை பற்றிய பூசல் ஓயாதிருந்த காலத்திலேயே வீரமாமுனிவர் இப்பகுதியில் பணியாற்றினார்.

ஊர்த்தலைவர்களின் ஆதரவு என்றும் நிலையானதன்று. 1714-15இல் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டுக் கொலைத்தண்டனைக்கு உள்ளாகி, நூலிழையில் உயிர் பிழைத்தார்.

பணிவாழ்வும் நூலாக்கமும்

உழவர்க்கும் நெசவாளர்க்கும் அறிவுரை கூறச் செய்யுள் மொழி மட்டும் போதாது, பேச்சுமொழியும் வேண்டும். வீரமாமுனிவர் செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தமைக்கு இத்தேவையே அடிப்படை எனலாம். மறைப்பணியாளர் மக்கள் மொழியைக் கற்பதற்கென இலத்தீனில் அமைந்த கொடுந்தமிழ் இலக்கணம், 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. அவர் கண்டித்தெழுதிய லுத்தரன் சபையாரின் அச்சகமே அதனை வெளியிட்டமை அந்நூலின் பயன்பாட்டிற்குச் சான்றாகும்.

வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல் உபதேசியார்களுக்காக எழுதப்பட்டது. குரு வாராத ஊர்களில் மறைவாழ்வைக் காத்தவர்கள் அவர்களே என்பதை நோக்கினால், அந்நூலின் எளிய நடையும் அறிவுறுத்தும் போக்கும் தெளிவாகும். 3615 பாடல்களால் ஆன தேம்பாவணி கற்றோர் அவையை நோக்கியது. வேதியர் ஒழுக்கமோ சிற்றூர்த் திண்ணையை நோக்கியது. இரண்டும் ஒருவரிடமிருந்தே பிறந்தன.

முடிவுரை

ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடியதும், தொன்னூல் விளக்கம் (1730), சதுரகராதி (1732) ஆகியவற்றை இயற்றியதும் பிற்கால நிகழ்ச்சிகள். 1747இல் சேரநாட்டு அம்பலக்காட்டில் அவர் மறைந்தார். அரசவைப் பெருமிதம் சார்ந்த வரலாறு அவருடைய காப்பியப் புலமைக்குப் பொருந்தலாம். அவர் பேச்சுத்தமிழை இலக்கணப் பொருளாகக் கொண்டமையை அது விளக்காது. அதற்கான விளக்கத்தை, புழுதியும் சேறும் படிந்த சிற்றூர்ப் பாதைகளில் அமைந்த பணிவாழ்விலேயே தேடவேண்டும். காமநாயக்கன்பட்டியை வீரமாமுனிவர் ஆய்வின் ஓரத்திலிருந்து நடுவிற்குக் கொணர்வது இதனால் இன்றியமையாததாகிறது.